விவசாயிகள் சங்கத்தில் ஒன்றியச் செயலாளர் பொறுப்பு தருகிறார்கள், ஏற்கலாமா? சங்க அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வெண்ணாற்றுக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பூச்சி, உரம், விதை என்று நிறையக் கேட்டிருக்கிறேன். இது வேறு விஷயம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு மூன்று ஏக்கர் சொந்தம், நான்கு ஏக்கர் குத்தகை. குறுவை, சம்பா இரண்டுமே நெல்தான். போன ஐப்பசியில் குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டுப் பதினோரு நாள் காத்துக் கிடந்தேன். வெயில் தலைகாட்டினால் தார்ப்பாயை விலக்கிக் கிளறுவேன், மேகம் கறுத்தால் ஓடிவந்து மூடுவேன். எட்டாம் நாள் குவியலின் அடியில் கையை விட்டால் சுடுகிறது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன், ஊசிமுனை மாதிரி வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது. கருவியில் ஈரப்பதம் 21 சதவீதம் காட்டியது. 17-க்கு மேல் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

என் பின்னால் வரிசையில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த மாதம் கலெக்டர் ஆபீஸில் நடந்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் யாராவது எழுந்து பேச வேண்டும் என்றபோது நான் போனேன். முளைத்த நெல்லைத் துண்டில் முடிந்துகொண்டு போய் மேசையில் அவிழ்த்து வைத்தேன். மைக் இரண்டு நிமிடம்தான் என் கையில் இருந்தது. இருந்தாலும் அதைப் பார்த்த சங்கத்துப் பெரியவர்கள், "தம்பி, ஒன்றியச் செயலாளர் பொறுப்பை நீ எடுத்துக்கொள்" என்கிறார்கள்.

எனக்கு இரண்டு கேள்வி. வயலையும் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? அப்புறம், சங்கம் பேசி அரசின் முடிவு மாறியது என்று உண்மையிலேயே ஏதாவது உண்டா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கொங்குத்தோட்டம் எழுதியது:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

1972-ல் கோயம்புத்தூரில் மாட்டுவண்டிப் போராட்டம் நடந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்பா வண்டியில் இரண்டு கட்டு சோளத்தட்டு, ஒரு தூக்குப்போசி நிறையக் கம்மங்கூழ், ஒரு ராந்தல் விளக்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே கிளம்பினார். திரும்பி வந்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: கண்ணுக்கு எட்டிய வரைக்கும் ரோடு முழுக்க வண்டி, மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டிக்கு அடியிலேயே படுத்திருந்தோம் என்று.

அந்தப் போராட்டத்தின் வேர் மின்கட்டணம். 1970-ல் பம்புசெட் மின்சாரம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனது. இன்றைக்குக் கேட்டால் இரண்டு பைசாதானே என்று தோன்றும். எண்பது நூறு அடிக் கிணற்றிலிருந்து ராத்திரி பகலாகத் தண்ணீர் இறைக்கிறவனுக்கு அது பெரிய காசு. அந்த வருடம் ஜூன் மாதம் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூடு, மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஒரு பைசா குறைந்தது. 1972-ல் மறுபடி துப்பாக்கிச்சூடு, மறுபடி உயிர்ப்பலி. இன்றும் ஜூலை 5 அன்று எங்கள் பக்கம் நினைவுத்தூண்களுக்கு மாலை போடுகிறோம்.

இதையெல்லாம் முன்னால் நின்று நடத்தியவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு. அவரும் தோட்டம் வைத்திருந்த விவசாயிதான். 1984 டிசம்பரில் கோவில்பட்டியில் இறந்துபோனார். சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது, எல்லா விவசாயிகளுக்கும் என்று 1990-ல் கருணாநிதி ஆட்சியில் வந்தது. முழுதாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் இன்றைக்கு என் கிணற்றில் மோட்டார் ஓடும்போதெல்லாம் அந்த வண்டிகள்தான் ஞாபகம் வருகிறது. மாறியதா என்று கேட்டாயே, மாறியது தம்பி. இருபது வருடம் ஆனது.

கரிசல்காடு எழுதியது:

கொங்கு அண்ணாச்சி சொன்னதில் ஒரு பாதியை விட்டுவிட்டார்கள். அதையும் இந்தத் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும்.

நாராயணசாமி நாயுடு 1982-ல் கட்சி தொடங்கினார். சாலைமறியலுக்கு வந்த கூட்டம் வாக்குச்சாவடிக்கு வரவில்லை. அவர் போன பிறகு சங்கம் எத்தனையாகப் பிரிந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே பச்சைத்துண்டு, ஏறக்குறைய ஒரே பெயர், ஆளுக்கொரு லெட்டர்பேடு. குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒருவர் பேசியதையே அடுத்தவர் திரும்பப் பேசுகிறார். யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று அதிகாரிகளுக்கே தெரியாது, அது அவர்களுக்கு வசதியாகவும் போய்விடுகிறது.

நான் மானாவாரி உளுந்து, பாசி, மக்காச்சோளம் போடுகிறவன். ஏழு வருடம் சங்கத்தில் இருந்தேன். சந்தாப் பணத்துக்குக் கணக்கு கேட்ட நாளிலிருந்து என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது நின்றுவிட்டது. கசப்பில் சொல்லவில்லை. வரவுசெலவை வருடத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னாலும் வாசிக்காத சங்கத்தில் பொறுப்பு எடுக்காதீர்கள். அந்தப் பழி உங்கள் தலையில் விழும்.

நாற்றங்கால் எழுதியது:

தம்பி, நானும் டெல்டாதான். வேறொரு பக்கத்திலிருந்து ஒன்று கேட்கிறேன். உங்கள் சங்கத்தில் யார் உறுப்பினர்?

எங்கள் ஊர்ச் சங்கத்தில் சேரப் போனேன், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவைக் கேட்டார்கள். பட்டா என் வீட்டுக்காரர் பெயரில். அவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். நாற்று விடுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது, உரம் எடுப்பது, கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வாங்குவது எல்லாம் நான்தான், பன்னிரண்டு வருடமாக. ஆனால் அடங்கலில், அதாவது ஊர்ப் பயிர்க் கணக்கில், சாகுபடிதாரர் என்று அவர் பெயர்தான் ஏறுகிறது. "அண்ணனை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கம்மா" என்றார் அப்போதைய செயலாளர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்கச் சாகுபடிக் கைப்பற்றுகளில், அதாவது ஒருவர் பொறுப்பில் சாகுபடியாகும் நிலங்களின் எண்ணிக்கையில், பெண்கள் பெயரில் இருப்பது ஏறக்குறைய 14 சதவீதம்தான். வயலில் நிற்கிறவர்களை எண்ணினால் நாங்கள் 14 சதவீதமா? சொந்தப் பட்டா இருப்பவர் மட்டும்தான் விவசாயி என்று சங்கமே வைத்துக்கொண்டால், அந்தச் சங்கம் அரசிடம் போய் எந்த விவசாயிக்காகப் பேசும்? நீங்களே நான்கு ஏக்கர் குத்தகை என்கிறீர்கள். அந்த நான்கு ஏக்கருக்குப் பயிர்க் காப்பீடு உங்கள் பெயரில் வந்ததா?

வெண்ணாற்றுக்கரை எழுதியது:

அக்கா, வரவில்லை. 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் பதியச் சொன்னால் நிலத்துக்காரர் அடுத்த போகத்துக்கு நிலத்தையே தரமாட்டார். அதனால் எல்லாம் வாய்ப்பேச்சுதான். நீங்கள் கேட்டது சுருக்கென்று தைத்தது. எங்கள் சங்கத்தின் உறுப்பினர் விதியை நான் இதுவரை படித்ததே இல்லை. நாளைக்கே வாங்கிப் படிக்கிறேன்.

மனுக்கட்டு எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பதினான்கு வருடம் மாவட்டப் பொறுப்பில் இருந்துவிட்டு, முழங்கால் வலியால் விலகியவன். கையில் மீதி இருப்பது ஒரு பீரோ நிறைய மனு நகல்கள்தான். அந்தப் பீரோ கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன்.

தம்பி, உன் நெல்லைத் திருப்பிவிட்ட ஊழியரிடம் அன்றைக்கு எவ்வளவு நேரம் சண்டை போட்டாய்? நானும் என் காலத்தில் நிறையப் போட்டிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது. 17 சதவீதத்தை உயர்த்துகிற அதிகாரம் அவரிடம் இல்லை, ஆட்சியரிடமும் இல்லை, ஏன், மாநில அரசிடமே இல்லை. மாநிலம் ஒன்றிய அரசின் உணவுத்துறைக்கு எழுத வேண்டும், அங்கிருந்து ஒரு குழு வந்து நெல் மாதிரி எடுத்துப் போக வேண்டும், அதற்குப் பிறகுதான் தளர்வு ஆணை வரும். இந்த வழி தெரிந்தால் வேலை வேறுமாதிரி நடக்கும். மழை பிடித்த முதல் வாரத்திலேயே எத்தனை நிலையத்தில் எத்தனை மூட்டை தேங்கியிருக்கிறது, என்ன ஈரப்பதம் என்று ஊர்வாரியாக எழுதி, மாநிலம் தளர்வு கேட்டு எழுதுவதற்கு அந்தக் காகிதத்தைக் கொடுக்க வேண்டும். குழு வருகிற நாளில் சாலையோரமாக நல்ல குவியலை மட்டும் காட்டிவிட்டு அழைத்துப் போய்விடாமல், உள்ளே இருக்கிற நிலையங்களுக்கும் கூட்டிப்போக ஆள் வேண்டும். அதைத்தான் நான் செயலாளர் வேலை என்பேன். மேடைப்பேச்சு அதில் கால்வாசி கூட இல்லை.

விலையும் அப்படித்தான். 2025-26-க்குச் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். இந்த எண் எங்கிருந்து வந்தது? விவசாயச் செலவு விலை ஆணையம் என்று ஒன்று 1965 முதல் இருக்கிறது, அப்போது பெயர் வேறு. கைக்காசு போட்டுச் செய்த செலவை ஏ2 என்று எழுதுவார்கள். அதோடு குடும்பத்தார் உழைப்பின் கூலியைக் கூட்டிய செலவு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அதை ஒன்றரையால் பெருக்கினால் 2,369. நாம் பெருக்கச் சொல்வது சி2-வை, அதாவது அதோடு சொந்த நிலத்தின் வாடகையும் முதலுக்கான வட்டியும் சேர்ந்த செலவை. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான விவசாயிகள் ஆணையம் 2006-ல் அறிக்கை கொடுத்த நாளிலிருந்து இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில்தான் சண்டை. மாநில அரசு மேலே 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,500 ஆக்கியது. ஆக, ஒரே மூட்டை நெல்லின் விலை இரண்டு கதவுக்குப் பின்னால் முடிவாகிறது. எந்தக் கோரிக்கையை எந்தக் கதவில் தட்டுவது என்று தெரியாமல் நாம் பாதிக் காலத்தைத் தவறான வாசலிலேயே கழிக்கிறோம்.

ஆணையம் பருவத்துக்கு முன்னால் விவசாய அமைப்புகளிடம் கருத்துக் கேட்கிறது. நம் சங்கங்கள் என்ன கொடுக்கின்றன? "செலவு கூடிவிட்டது, விலையை உயர்த்துங்கள்" என்று ஒரு பக்கம். எவ்வளவு கூடியது என்று கேட்டால் பதில் இல்லை. நான் செயலாளராக இருந்தபோது ஒரு வருடம் இருபது உறுப்பினர் வீட்டில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்து எழுதச் சொன்னேன். உழவு, விதை, நாற்றுப்பறி, நடவு ஆள்கூலி, களையெடுப்பு, உரம், மருந்து, அறுப்பு மெஷின் வாடகை, வண்டிச்சத்தம், லோடு கூலி எல்லாம் தேதி போட்டு. கடைசியில் ஒன்பது நோட்டுதான் முழுசாக வந்தது. அந்த ஒன்பதை வைத்துக்கொண்டு ஒரு கூட்டத்தில் உட்கார்ந்தேன். அறுப்பு மெஷின் வாடகையை நீங்கள் பிடித்திருக்கிற தொகைக்கு எங்கள் ஊரில் மெஷின் சேற்றில் இறங்கவே இறங்காது, செயின் வண்டி வேண்டும், அதற்கு மணிக்கு இவ்வளவு என்று நோட்டைத் திருப்பிக் காட்டினேன். எதிரே இருந்த அதிகாரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பதினான்கு வருடத்தில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

கடைசியாகக் காவிரி. இதை டெல்டாக்காரர்கள் மறக்கவே கூடாது. 1971-ல் மாநில அரசு போட்ட வழக்கை அடுத்த வருடமே திரும்பப் பெற்றது. 1983-ல் உச்ச நீதிமன்றத்துக்கு மறுபடி போனது நம் விவசாயிகள் சங்கம், மன்னார்குடி ரங்கநாதன் முன்னின்று நடத்திய வழக்கு. ஏழு வருடம் கழித்து 1990 மே 4-ல், ஒரு மாதத்துக்குள் நடுவர் மன்றம் அமைக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஜூன் 2-ல் நடுவர் மன்றம் வந்தது. 1991-ல் 205 டிஎம்சி தண்ணீர் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி), 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று முடித்து, மேலாண்மை ஆணையமும் வந்தது. வழக்கு போட்டபோது பிறந்த குழந்தைக்கு 2018-ல் முப்பத்தைந்து வயது.

கரும்புத்தோகை எழுதியது:

ஐயா சொன்ன "எந்தக் கதவு" என்பதற்கு என் பங்குக்கு ஒன்று.

நாங்கள் வெட்டி அனுப்பிய கரும்புக்கு ஒரு ஆலை பத்து மாதம் பணம் தரவில்லை. வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டுப் பார்த்தோம், அசையவில்லை. அப்புறம் எங்கள் சங்கத்தில் படித்த பையன் ஒருவன் 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையை எடுத்துவந்து தமிழில் எழுதிக் கொடுத்தான். கரும்பு இறக்கிய 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. அது வரைக்கும் எங்களில் பாதிப் பேருக்கு வட்டி கேட்க உரிமை இருக்கிறது என்பதே தெரியாது. அதன் பிறகு ஒவ்வொரு மனுவிலும் பில் நம்பர், இறக்கிய தேதி, தாமதமான நாள், வட்டித் தொகை என்று பட்டியல் போட்டுக் கொடுத்தோம். வட்டி முழுதும் வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அசல் நான்கு தவணையில் வந்து சேர்ந்தது.

கரிசல்காடு எழுதியது:

மனுக்கட்டு ஐயா எழுதியதைப் படித்த பிறகு நான் முன்னால் சொன்னதில் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். சங்கமே வீண் என்று சொல்ல வரவில்லை. ஆனால் போராடி வென்ற பிறகு என்ன செய்வது என்பதில் நாம் இன்னும் தடுமாறுகிறோம். மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து ஒரு வருடத்துக்கு மேல் டெல்லி எல்லையில் உட்கார்ந்து, 2021 நவம்பரில் திரும்பப் பெற வைத்தார்கள். குளிரிலும் வெயிலிலும் அங்கே இருந்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 2022-ல் ஆதரவு விலைக்கென்று குழு போட்டு, அந்தப் போராட்டத்தை நடத்திய விவசாய சங்கங்களின் கூட்டமைப்புக்கு மூன்று இடம் ஒதுக்கினார்கள். சட்டங்களை ஆதரித்தவர்களாலேயே குழு நிரம்பியிருக்கிறது என்று அவர்கள் பெயர் தரவில்லை. காரணம் நியாயமாக இருக்கலாம். ஆனால் நாற்காலி காலியாக இருந்தால் அங்கே நம் நோட்டை யார் திறந்து காட்டுவது?

கொங்குத்தோட்டம் எழுதியது:

தம்பி கரிசல், இங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். எல்லாம் முடிவு செய்துவிட்ட குழுவில் போய் உட்கார்ந்தால், "விவசாயிகளையும் கேட்டுத்தான் செய்தோம்" என்று நம் கையெழுத்தைக் காட்டுவார்கள். உள்ளே போகாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். எந்தக் குழு கேட்கும், எது கேட்காது என்று பார்த்துப் போக வேண்டும்.

கரிசல்காடு எழுதியது:

உள்ளே போய் மாற்றுக் கருத்தை எழுத்தில் பதிந்துவிட்டு வெளியே வரலாமே அண்ணாச்சி. பதிவில் இருந்தால் பத்து வருடம் கழித்தாவது ஒருவன் எடுத்துக் காட்டுவான். சரி, இதில் நமக்குள் வேறுபாடு இருக்கட்டும்.

வெண்ணாற்றுத் தம்பிக்கு இன்னொன்று. விற்பனையையும் சங்கத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறோம். அதில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான், தணிக்கை கட்டாயம். உளுந்தைச் சேர்த்து விற்பது, விதை வாங்குவது அதன் வேலை. சண்டை போடுவது சங்கத்தின் வேலை. ஒரே ஆள் இரண்டிலும் தலைவராக இருந்தால், நாளைக்கு மானியக் கோப்பு மேசையில் இருக்கும்போது அதே அதிகாரியிடம் குரல் உயர்த்த நாக்கு எழாது. இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

நாற்றங்கால் எழுதியது:

தம்பியின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. வயல் என்ன ஆகும்?

நீங்கள் கலெக்டர் ஆபீஸ் போகிற வெள்ளிக்கிழமை முறைத் தண்ணீர் வந்தால் மடை திறப்பது யார்? உங்கள் வீட்டுப் பெண்தான். தலைவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்கள் வீட்டில் களை பிடுங்கியது யார் என்று நாம் கேட்பதே இல்லை. வீட்டில் பேசினீர்களா?

மனுக்கட்டு எழுதியது:

அம்மா கேட்டது நூற்றுக்கு நூறு சரி. என் பதினான்கு வருடத்தையும் சுமந்தது என் மனைவிதான். ஒரு தாளடிப் பருவத்தில் நான் சென்னைக்கும் தஞ்சாவூருக்கும் அலைந்துகொண்டிருந்தபோது, குலைநோய் விழுந்ததைப் பார்த்து அவளே போய் மருந்து வாங்கி, அடிக்க ஆள் கிடைக்காமல் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் பெயர் எந்த மனுவிலும் இல்லை.

தம்பி, மாதத்தில் இத்தனை நாள்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. மூன்று வருடத்துக்கு மேல் ஒரு நாள் கூட இருக்க மாட்டேன் என்றும் எழுதிக் கொடு. உனக்குப் பின்னால் ஓர் ஆளை முதல் மாதத்திலிருந்தே கூட்டங்களுக்கு அழைத்துப் போ. நான் அதைச் செய்யவில்லை. நான் விலகியதும் பீரோ சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இன்னும் என் வீட்டிலேயே கிடக்கிறது.

வெண்ணாற்றுக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இந்த இழை முழுவதையும் வீட்டில் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நாற்றங்கால் அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். "நடவு, அறுப்பு மாதத்தில் எங்கேயும் போகக்கூடாது, மற்றபடி போங்கள்" என்றாள். கூடவே, "செலவு நோட்டை நான் எழுதுகிறேன், உங்களுக்குத் தேதி ஞாபகம் இருக்காது" என்றும் சொன்னாள். அதுவும் உண்மைதான்.

சங்க விதியையும் படித்துவிட்டேன். உறுப்பினர் ஆக நிலம் "உடையவர்" என்று இருக்கிறது. "சாகுபடி செய்பவர்" என்று மாற்றினால்தான் பொறுப்பு ஏற்பேன் என்று பெரியவர்களிடம் சொன்னேன். ஒருவர் முகம் சுளித்தார். குத்தகைக்காரனெல்லாம் உள்ளே வந்தால் நிலத்துக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் பொதுக்குழுவில் வைத்துப் பார்க்கலாம் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. வரவுசெலவு வாசிப்பதையும் மூன்று வருட வரையறையையும் அதே தீர்மானத்தில் சேர்த்திருக்கிறேன். தோற்றால் உறுப்பினராகவே இருந்துகொண்டு அடுத்த பொதுக்குழுவில் மறுபடி கொண்டுவருவேன்.

மனுக்கட்டு ஐயா, உங்கள் ஊர் எவ்வளவு தூரம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள். அந்த ஒன்பது நோட்டையும் பார்க்க வேண்டும். இருபது நோட்டு வாங்கி வைத்துவிட்டேன், எந்தெந்தப் பத்தி போடுவது என்று தெரிந்தால் சம்பா நடவுக்கு முன்னால் கோடு போட்டுக் கொடுத்துவிடலாம்.

மனுக்கட்டு எழுதியது:

வா தம்பி. பீரோ சாவியும் தருகிறேன். குடும்ப உழைப்புக்குத் தனிப் பத்தி போடு, அதில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம். நான் ஒன்றுதான் போட்டிருந்தேன்.